சிப்பிங் கேம்ப்டன் தர்ம வீட்டு வரிசை: அந்த முகப்பு யாருக்காக?

வரைகோடு எழுதியது:

இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். தேவாலயம், மாளிகை, மதகு, களஞ்சியம் என்று எத்தனையோ கைக்கு வந்திருக்கின்றன. ஆனாலும் 'நீ பார்த்ததிலேயே எது உசத்தி?' என்று யாராவது கேட்டால், வயதான ஏழைகளுக்காகக் கட்டிய ஒரு வீட்டு வரிசையைத்தான் சொல்வேன். அதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் இந்த இழை.

கிளாஸ்டர்ஷரில், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் வடக்கோரத்தில் சிப்பிங் கேம்ப்டன் என்று ஒரு சிறிய ஊர். இடைக்காலத்தில் கம்பளி வியாபாரத்தில் கொழித்த ஊர். கடைத்தெருவிலிருந்து தேவாலயத்துக்கு ஏறும் சாலையோரத்தில் இந்த வரிசை நிற்கிறது. அங்கே இதை ஆம்ஸ்ஹவுஸ் என்பார்கள். வசதியில்லாத முதியவர்கள் கடைசிக் காலம்வரை தங்குவதற்குத் தனவந்தர்கள் கட்டிவைத்த தர்ம வீடுகள். இதைக் கட்டியவர் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ், ஆண்டு 1612. லண்டனில் பட்டு வியாபாரி. அரசவைக்கே பட்டு கொடுத்தவர், முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குக் கடனும் கொடுத்தவர். ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், ஆக 12 பேருக்கு இடம். 1,000 பவுண்டு செலவு. அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை.

உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், தேன் நிறம். இரண்டு தளம். சாலையைவிட உயர்ந்த ஒரு கல் மேடைமேல் நீளமாகப் போகிறது. கதவுகள் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கின்றன. ஜன்னல்களைக் கல் சட்டங்கள் பிரிக்கின்றன. ஒவ்வொரு ஜன்னலின் தலைக்கு மேலும் வெளியே துருத்திய ஒரு கல் விளிம்பு இருபுறமும் கொஞ்சம் கீழே மடங்கி இறங்கும். சுவரில் வழியும் மழை சட்டத்தில் படாமல் அந்த விளிம்போடு ஓடி ஓரத்தில் சொட்டும். ஊரின் பணக்கார வீடுகளில் இருக்கிற அதே விளிம்பு, அதே கல், அதே செதுக்கு. ஏழைகளுக்குத்தானே என்று எதிலும் ஒரு படி இறக்கவில்லை. மேலே முக்கோண முகப்புகள், அவற்றுக்கும் மேலே உயரமான புகைபோக்கிகள்.

மேலிருந்து பார்த்தால் இரு முனைகளும் முன்னும் பின்னும் நீண்டு, ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ' போல இருக்கும். ஜேம்ஸ் என்ற பெயர் லத்தீனில் அந்த எழுத்தில்தான் தொடங்கும். மன்னருக்குச் செய்த மரியாதை என்று ஊரில் சொல்வார்கள்.

என் கேள்வி இதுதான். நடுவே ஹிக்ஸின் குலச்சின்னம் பதித்த இத்தனை அழகான முகப்பு யாருக்காக? உள்ளே இருந்த 12 பேருக்கா, சாலையில் போகிறவர்களுக்கா?

---

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

நல்ல இழை. முகப்புக்கு வருமுன் கூரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அது.

காட்ஸ்வோல்ட்ஸ் கூரையில் மண் ஓடு கிடையாது, கல் ஓடு. மெல்லிய அடுக்குகளாகப் பிளக்கும் சுண்ணாம்புக்கல். ஸ்டோன்ஸ்ஃபீல்ட் பக்கம் கல்லைத் தோண்டி எடுத்துக் குளிர்காலத்தில் ஈரமாகவே வெளியில் போட்டுவைப்பார்கள். உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரிந்து கல்லைத் தானாகப் பிளந்துவிடும். பனி தவறிய வருஷம் ஓடும் தவறும்.

இப்படி வரும் ஓடுகள் ஒரே அளவில் இருக்காது. அதனால் பெரியதை எல்லாம் கீழே இறவாரத்தில் வைத்து, மேலே போகப் போகச் சின்னதாக்கி, முகட்டில் கையகலத்தில் முடிப்பார்கள். பார்வைக்கு அழகு என்பது பிறகு. கூரையின் மொத்தத் தண்ணீரும் வந்து சேரும் இடம் இறவாரம், அங்கே இணைப்பு குறைவாக இருக்க வேண்டும். அப்புறம் அடியில் தடித்த சுவர் இருப்பதால் கனமான ஓடு அங்கே இருப்பதே நல்லது. ஒவ்வொரு ஓட்டின் தலையிலும் ஒரு துளை, அதில் ஓக் மரத்தில் சீவிய ஒரு முளை, அந்த முளை மரச் சட்டத்தில் மாட்டித் தொங்கும். இந்தக் கல் தண்ணீர் உறிஞ்சும் என்பதால் கூரையைச் செங்குத்தாகச் சரிப்பார்கள், மழை நிற்கவே கூடாது.

இப்போது வரைகோடு சொன்ன முக்கோண முகப்புகளுக்கு வாருங்கள். நீளமான நேர்க்கூரை போடுவது எளிது. நடுவில் ஒரு முக்கோணம் எழுப்பினால் அதன் இருபுறமும் கூரை கூரையைச் சந்திக்கும் பள்ளம் வரும். காட்ஸ்வோல்ட்ஸில் அந்தப் பள்ளத்தில் ஈயத் தகடு விரிக்காமல், ஓட்டையே வளைத்து வளைத்து அடுக்கித் திருப்புவார்கள். நல்ல கை தேர்ந்தவர்தான் செய்ய முடியும், ஒழுகினால் முதலில் ஒழுகுவதும் அங்கேதான். ஒரு தர்ம வீட்டில் இத்தனை முக்கோணம் வைத்திருக்கிறார் என்றால் ஹிக்ஸ் கணக்குப் பார்க்கவில்லை. அதே சமயம் மேல்தளத்து அறைக்கு முழு உயர ஜன்னலும் வெளிச்சமும் கிடைக்க அந்த முக்கோணம்தான் வழி. ஆக உள்ளே இருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

---

தென்றல் எழுதியது:

இதெல்லாம் எனக்குப் புதிது. ஒரு அடிப்படைச் சந்தேகம். இங்கிலாந்தில் ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கிய விடுதிகள் இருந்தன, கணவன் மனைவியைக்கூடப் பிரித்து வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா?

---

பழஞ்சுவர் எழுதியது:

இல்லை தென்றல், இரண்டும் வேறு. நீங்கள் சொல்வது ஒர்க்ஹவுஸ். 1834இல் வந்த ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் எழுந்தது. பொதுப் பணம், கெடுபிடி நிர்வாகம், உதவி கேட்டு வரவே ஜனங்கள் அஞ்ச வேண்டும் என்ற எண்ணத்தோடு கட்டியது. குடும்பத்தைப் பிரித்தது அங்கேதான். தர்ம வீடு தனி மனிதரின் கொடை. அவர் எழுதிவைத்த நிலத்தின் வருமானத்தில் நடக்கும். இடம் குறைவு, யாருக்குக் கிடைக்கும் என்பதை அறங்காவலர்கள் முடிவு செய்வார்கள்.

கட்டடமாகப் பார்த்தால் இதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. தொடக்கத்தில் வரிசை வீடே கிடையாது, ஒரே பெரிய கூடம்தான். சிச்செஸ்டரில் செயின்ட் மேரிஸ் என்ற விடுதி இன்னமும் இருக்கிறது, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. களஞ்சியம் மாதிரி ஒரே மாபெரும் கூரை, தரையைத் தொட்டுவிடுமோ என்கிற அளவுக்கு இருபுறமும் இறங்கி வருகிறது. உள்ளே மரத்தூண்கள். இரு ஓரங்களிலும் படுக்கைகள். கிழக்கு முனையில் சிற்றாலயம். படுத்த இடத்திலிருந்தே பூசையைப் பார்க்கலாம். உடம்பைவிட ஆன்மாவுக்கே வைத்தியம் என்ற எண்ணம்.

17ஆம் நூற்றாண்டில் அந்த ஓரங்களைத் தடுத்துச் சின்னச் சின்ன வீடுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் செங்கல் புகைபோக்கி எழுப்பிக் கூரையைத் துளைத்து மேலே கொண்டுபோய்விட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு காலத்து எண்ணமும் அருகருகே நிற்கின்றன. இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நடுவே ஒரு முக்கியமான கட்டம் வின்செஸ்டரின் செயின்ட் கிராஸ். 1130களில் ஹென்றி ஆஃப் ப்ளுவா என்ற பிஷப் 13 ஏழைகளுக்காகத் தொடங்கியது. 15ஆம் நூற்றாண்டில் கார்டினல் போஃபர்ட் அதைப் பெரிதாக்கினார். அப்போது வந்த குடியிருப்பு வரிசையைப் பார்க்க வேண்டும். ஒரு படிக்கட்டுக்கு நான்கு வீடு, கீழே இரண்டு, மேலே இரண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு இருப்பறை, ஒரு படுக்கையறை, ஒரு சாமான் அறை. வெளியே உயரமான புகைபோக்கிகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்த பயணம் அந்தப் புகைபோக்கிகளில்தான் தெரிகிறது. தனக்கென்று ஒரு அடுப்பு இருந்தால்தான் தனக்கென்று ஒரு அறை என்பதற்கு அர்த்தம் வரும், குறிப்பாக அந்தக் குளிரில்.

---

மல்லிகைச்சரம் எழுதியது:

நான் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன், லீட்ஸ் பக்கம். கட்டடக்கலை தெரியாது. ஆனால் வயதானவர்களைத் தெரியும்.

வரைகோடு கதவைப் பற்றிச் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வயதானவர் ஒருவரைப் புது இடத்துக்கு மாற்றும்போது அவர் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ இல்லை. 'கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாமா?' என்றுதான் கேட்பார். எங்கள் விடுதி நல்ல விடுதிதான், ஆனால் நீண்ட நடைவழி, இருபுறமும் ஒரே மாதிரி கதவுகள். வெளியே போக வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே வாசல், ஒரே வரவேற்பு மேசை. 400 வருஷத்துக்கு முன்னால் ஏழைக் கிழவி ஒருத்திக்குத் தெருவைப் பார்த்த கதவு ஒன்று இருந்தது என்றால் அது எனக்குப் பெரிய விஷயம். யார் வருகிறார், போகிறார் என்று வாசலில் நின்றே பார்க்கலாம். தெரிந்தவர் போனால் இரண்டு வார்த்தை பேசலாம். இதை இன்று யாரும் வடிவமைத்துத் தருவதில்லை.

ஆனால் இரண்டு கேள்வி. ஒன்று, அந்த உயர்ந்த கல் மேடை. படி ஏற வேண்டும்தானே? முட்டிவலிக்காரருக்கு அது தண்டனை. இரண்டாவது, இந்த வீடுகளில் கட்டுப்பாடுகள் இருந்தன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சீருடை, தினமும் பிரார்த்தனை, இரவில் வாசல் பூட்டு. அதையும் பேசாமல் அழகை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் ஆகும்.

---

பழஞ்சுவர் எழுதியது:

மல்லிகைச்சரம், உங்கள் இரண்டாவது கேள்வி மிகச் சரியானது. வரைகோடு கேட்டதற்கும் என் பதில் அதிலிருந்தே வரும்.

ஆக்ஸ்ஃபர்ட்ஷரில் யூவெல்ம் என்ற கிராமத்தில் 1437இல் சஃபக் பிரபு வில்லியம் டி லா போலும் அவர் மனைவி ஆலிஸும் ஒரு தர்ம வீடு நிறுவினார்கள். ஆலிஸ், கவிஞர் சாசரின் பேத்தி. 13 ஏழைகள், அவர்களுக்கு இரண்டு குருமார். நடுமுற்றத்தைச் சுற்றி வீடுகள், எல்லாக் கதவும் உள்நோக்கி. செங்கல் அந்தப் பக்கத்தில் அபூர்வமாக இருந்த காலத்தில் செங்கல் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிழக்கே இருக்கும் தேவாலயத்துக்கு நேரே ஏறிப்போக மூடிய படிவழி உண்டு. நனையாமல் போகலாம், ஆனால் போயே ஆக வேண்டும். நிறுவியவர்களின் ஆன்மாவுக்காகத் தினமும் பல வேளை ஜெபிப்பதுதான் அந்த 13 பேரின் உத்தியோகம். 13 என்பதும் கிறிஸ்துவும் பன்னிரு சீடரும் என்ற கணக்கு. அந்த வீட்டின் அமைப்பு முழுவதுமே ஜெபத்துக்காக வளைந்த அமைப்பு.

பிறகு மதச் சீர்திருத்தம் வந்தது. 1530களில் மடங்களை மூடினார்கள், 1547இல் இறந்தோருக்கான ஜெப அறக்கட்டளைகளையும் ஒழித்தார்கள். கொடை கொடுத்தவருக்கு இனி ஜெபம் கிடைக்காது. அப்படியென்றால் என்ன கிடைக்கும்? பெயர் கிடைக்கும். அதனால்தான் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17லும் கட்டிய தர்ம வீடுகள் உள்முற்றத்தை விட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பத் தொடங்கின. எல்லாம் இல்லை, நாஃபக்கின் காசில் ரைசிங் மாதிரி முற்றத்தைச் சுற்றி அடைத்துக் கட்டியவையும் உண்டு. அங்கே இருக்கும் பெண்கள் சிவப்பு அங்கியும் உயரமான கறுப்புத் தொப்பியும் போட்டுக் கோயிலுக்குப் போகிற வழக்கம் உண்டு. ஆனால் கேம்ப்டன் தெருவைப் பார்ப்பது. அதுவும் எந்தத் தெரு? தேவாலயத்துக்கும் ஹிக்ஸின் சொந்த மாளிகைக்கும் போகிற தெரு. விருந்தாளிகள் அவர் வாசலை அடையுமுன் அவருடைய தர்மத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பட்டு விற்றுப் பணம் சேர்த்தவருக்குப் பழைய நிலப்பிரபுக்கள் நடுவே தன் மதிப்பை நிலைநாட்ட வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் அந்த முகப்பு ஹிக்ஸுக்காகத்தான்.

---

வரைகோடு எழுதியது:

//அந்த முகப்பு ஹிக்ஸுக்காகத்தான்//

பழஞ்சுவர், தெருவைத் தேர்ந்தெடுத்த விஷயத்தில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் பெருமைக்காக மட்டும் கட்டியவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவு செய்ய மாட்டார். கேம்ப்டனுக்கு வெளியே வெஸ்டிங்டன் குன்றில் ஒரு சின்னக் கல் கூடு நிற்கிறது. ஊற்று நீரைச் சேர்த்துக் குழாய் வழியாகக் கீழே இந்த வீடுகளுக்குக் கொண்டுவர ஹிக்ஸ் கட்டியது. மண்ணுக்கடியில் போகும் குழாயை எந்த விருந்தாளி பார்க்கப் போகிறார்? கிழவிகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குன்றேறக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். 1612இல், வீட்டு வாசலுக்குத் தண்ணீர்.

இன்னொன்றும் உண்டு. ஹிக்ஸின் மாளிகை 1645இல், உள்நாட்டுப் போரின்போது எரிந்துபோனது. அங்கே தங்கியிருந்த மன்னர் படையே ஊரைவிட்டுக் கிளம்பும்போது கொளுத்திவிட்டது. வாயில் மாடமும் இரண்டு விருந்து மண்டபங்களும்தான் மிச்சம். ஏழைகளின் வீடு நிற்கிறது. கடைத்தெரு நடுவே 1627இல் அவர் கட்டிய சந்தைக் கூடமும் நிற்கிறது. தனக்கென்று கட்டியது போய் ஊருக்கென்று கட்டியது தங்கிவிட்டது.

மல்லிகைச்சரம் கேட்ட மேடை: ஆமாம், படி உண்டு. அந்தச் சாலை சரிவானது. மழைத் தண்ணீரும் மந்தைகளும் வண்டிகளும் வரும் வழி. தரையை உயர்த்தாவிட்டால் சுவரின் அடி ஈரத்தில் ஊறிப்போயிருக்கும். வயதானவருக்குப் படியைவிட ஈரத்தரை பெரிய எதிரி என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த மேடையால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம் ஊர்த் திண்ணை மாதிரி, வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் இரண்டிலும் சேராத ஓர் இடம் கிடைக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு வார்த்தை பேச்சு நடப்பது அங்கேதான்.

எதிரே சாலையோரத்தில் கல் பாவிய ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டிகளைத் தண்ணீரில் இறக்கிச் சக்கரத்தை நனைப்பதற்கு. மரம் காய்ந்து சுருங்கினால் இரும்புப் பட்டை கழன்றுவிடும்.

---

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

'ஐ' வடிவம் பற்றி: நீளமான வரிசையின் இரு முனையிலும் குறுக்கே ஒரு பகுதி வைத்தால் அது சுவரின் இரு கடைசியையும் பிடித்து நிறுத்தும். மேஸ்திரிகளுக்குத் தெரிந்த பழைய வழி. மன்னர் பெயர் அதில் பொருந்தியது ஹிக்ஸுக்கு இனித்திருக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கல் சுவரை யார் பார்த்துக்கொண்டாலும் மூட்டுகளில் சிமெண்ட் அடைக்காதீர்கள். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையாக இருப்பதால் ஈரம் மூட்டு வழியாக வெளியேறும். சிமெண்ட் அடைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, பனியில் உறைந்து, கல்லின் முகத்தை வறட்டி போலப் பெயர்த்துவிடும். எத்தனை அருமையான சுவர்களை இப்படி இழந்திருக்கிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

---

மைல்எண்ட் எழுதியது:

கிழக்கு லண்டனிலிருந்து வணக்கம். தர்ம வீடு என்றதும் உள்ளே வந்துவிட்டேன், ஏனென்றால் நான் தினமும் கடந்து போகும் சாலையில் ஒன்று இருக்கிறது. மைல் எண்ட் சாலையில் டிரினிட்டி கிரீன்.

கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் டிரினிட்டி ஹவுஸ் என்ற பழைய நிறுவனம் 1695இல் கட்டியது. நொடித்துப்போன கப்பல் தலைவர்கள் 28 பேருக்கு அல்லது அவர்களுடைய விதவைகளுக்கு. நிலம் கேப்டன் ஹென்றி மட் கொடுத்தது, அவர் மனைவியும் பணம் தந்தார் என்று சுவரிலேயே கல்வெட்டு இருக்கிறது. கேம்ப்டனில் ஒரே வரிசை, இங்கே இரண்டு வரிசை. நடுவே நீளமான புல்வெளி, இருபுறமும் எதிரெதிரே குட்டி வீடுகள், கடைசியில் படி ஏறிப் போகிற சிற்றாலயம். செங்கல் சுவர், வெள்ளை மூலைக்கற்கள். அடியில் பாதித் தளம் புதைந்திருக்கும், அதற்கு மேல் ஒரே தளம். கதவுகளுக்கு மேலே மரத்தில் கடைந்த நிழற்கூரை.

சாலையைப் பார்த்த முனைச் சுவர்களின் உச்சியில் கல் கப்பல்கள் வைத்திருந்தார்கள். கொடிமரம், பீரங்கித் துளை எல்லாம் தெரியும் நுணுக்கம். இப்போது மேலே இருப்பவை நகல்கள், அசல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பழஞ்சுவர் சொன்ன விளம்பரம்தான் இதுவும். ஆனால் கடலில் காலத்தைக் கழித்தவர் தன் வாசலுக்குத் திரும்பும்போது மேலே கப்பலைப் பார்ப்பார். 'நீ பிச்சைக்காரன் இல்லை, கப்பல் ஓட்டியவன்' என்று அந்தச் சுவர் சொல்லும். அதனால் முகப்பு யாருக்கு என்பதில் நான் வரைகோடு பக்கம்.

1895இல் இதை இடித்து நிலத்தை விற்கப் பார்த்தார்கள். பக்கத்திலேயே கைவினைச் சங்கம் நடத்திய சி. ஆர். ஆஷ்பீ என்ற கட்டடக்கலைஞர் எதிர்த்து நின்றார். வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்துகொண்டது. கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, வரைந்து, 1896இல் புத்தகமாகவே போட்டார்கள். இடிப்பு நின்றது. லண்டனின் கட்டடங்களைப் பேட்டை பேட்டையாகப் பதிவு செய்யும் 'சர்வே ஆஃப் லண்டன்' என்ற மாபெரும் வரிசைக்கு அதுதான் முதல் விதை. அந்தப் பணி இன்றும் நடக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிற்றாலயமும் பின்பகுதியும் சேதமாயின. 1950களில் லண்டன் கவுண்டி கவுன்சில் எடுத்துப் பழுதுபார்த்தது. கட்டடம் பிழைத்தது. ஆனால் மாலுமிகள் திரும்பவில்லை. இப்போது பெரும்பாலும் சாதாரணமாக விற்று வாங்கும் வீடுகள். லண்டனில் அந்த அளவு வீட்டின் விலை எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஓய்வுபெற்ற மாலுமி எவரும் அதை நினைத்துப் பார்க்க முடியாது.

---

வரைகோடு எழுதியது:

மைல்எண்ட், நீங்கள் ஆஷ்பீயைக் கொண்டுவந்தது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. அவர் அடுத்து எங்கே போனார் என்று பாருங்கள். 1902இல் தன் கைவினைச் சங்கத்தை மைல் எண்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு நேராக சிப்பிங் கேம்ப்டனுக்கே வந்துவிட்டார். வெள்ளி வேலைக்காரர், தச்சர், கருமார், அச்சுக்கோப்பவர் என்று குடும்பங்களோடு சேர்த்து சுமார் 150 பேர். மைல் எண்ட் தர்ம வீடுகளைக் காப்பாற்றியவர் ஹிக்ஸின் வரிசையைத் தினமும் பார்க்கிற தூரத்தில் வாழ்ந்தார். சங்கம் சில வருஷங்களில் நொடித்தது. ஆனால் பழைய வீட்டை இடிக்காமல் பழுதுபார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஊரில் தங்கிவிட்டது. 1929இல் ஓவியர் எஃப். எல். கிரிக்ஸ் போன்றவர்கள் அதற்கென ஓர் அறக்கட்டளையே தொடங்கினார்கள். இன்று கேம்ப்டன் கடைத்தெரு கலையாமல் இருப்பதற்கு அந்தத் தலைமுறைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

---

கொக்குவில் எழுதியது:

வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தனான். ஆஷ்பீ, கேம்ப்டன் என்று வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேம்ப்டனிலிருந்து ஒரு மைல் போல தூரத்தில் பிராட் கேம்ப்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே பாழடைந்து கிடந்த நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்றை ஆஷ்பீ வீடாக மாற்றிக் கொடுத்தார். யாருக்கு? எங்கள் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமிக்கு. சேர் முத்து குமாரசுவாமியின் மகன், கொழும்பில் 1877இல் பிறந்தவர். இலங்கையில் கனிமவள ஆய்வுக்குத் தலைமை வகித்துவிட்டு 1907இல் வந்து அந்த வீட்டில் குடியேறினார். அவர் மனைவி எதலின் சகோதரர் ஆஷ்பீயின் சங்கத்தில் நகை செய்தவர். இலங்கையின் இடைக்காலக் கைவினைகளைப் பற்றிய குமாரசுவாமியின் பெருநூல் அந்த வீட்டிலேயே 1908இல் அச்சாகி முடிந்தது. மோரிஸின் அச்சகத்திலிருந்து ஆஷ்பீ வாங்கிய அதே அச்சுப்பொறியில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்டியின் கம்மாளர்களையும் ஓவியர்களையும் பற்றி அவர் எழுதியதற்கும் இந்தக் கல் வரிசைக்கும் ஒரே கவலைதான். பெயர் தெரியாத கைவினைஞர் ஊர் வழக்கப்படி செய்த வேலை எப்படி இவ்வளவு செம்மையாக இருக்கிறது, அந்தக் கை ஏன் இல்லாமல் போகிறது என்ற கவலை. ஹிக்ஸின் பெயர் கல்லில் இருக்கிறது. அந்த மழை விளிம்பைச் செதுக்கியவரின் பெயர் எங்கே?

---

தென்றல் எழுதியது:

குமாரசுவாமி அங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. மெய்சிலிர்த்துவிட்டது, நன்றி கொக்குவில்.

---

மைல்எண்ட் எழுதியது:

ஒன்றைக் கேட்காமல் விட முடியவில்லை. டிரினிட்டி கிரீன் காப்பாற்றப்பட்டதா, இல்லையா? கட்டடமாகப் பார்த்தால் ஆம், உயர்ந்தபட்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்தில் ஓர் அங்காடி நிறுவனம் 28 மாடிக் கோபுரம் கட்டக் கேட்டபோது, வரிசையின் வானக்கோடு கெடும் என்று மக்கள் போராடி நிறுத்தினார்கள். ஆனால் தர்மம் போய்விட்டது. ஷோர்டிச்சில் கெஃப்ரி தர்ம வீடுகளும் அப்படித்தான். 1714இல் இரும்பு வணிகர் சங்கம் கட்டிய 14 வீடுகள், நடுவே சிற்றாலயம், முன்னால் பெரிய தோட்டம். சங்கம் முதியவர்களை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டு விற்றது. 1914இல் அது அருங்காட்சியகம் ஆனது. அழகாக இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். இந்த வீடுகளுக்குப் பணம் எழுதிவைத்த ராபர்ட் கெஃப்ரியின் செல்வத்தில் அடிமை வியாபாரத்தின் பங்கும் உண்டு என்பதால் வாசலுக்கு மேல் நிற்கும் அவர் சிலையை வைப்பதா எடுப்பதா என்று 2020இலிருந்து பெரிய வாதம்.

சுவர் நிற்கிறது, அது எதற்காக நின்றதோ அது இல்லை. இதைக் காப்பாற்றியது என்று சொல்லலாமா?

---

பழஞ்சுவர் எழுதியது:

சொல்லலாம் என்றே நினைக்கிறேன். 1895இல் இடித்திருந்தால் இன்று நாம் பேசவே ஒன்றும் இருக்காது. கட்டடம் இருந்தால்தான் 'இது எதற்காக இருந்தது?' என்ற கேள்வியே எழும். ஆனால் உங்கள் வருத்தம் புரிகிறது. நல்ல எண்ணத்தோடு தொடங்கியதும் காவலர் கையில் கெட்டுப்போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது. செயின்ட் கிராஸின் தலைவராக இருந்த கில்ஃபோர்ட் பிரபு ஏழைகளுக்குரிய வருமானத்தில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொண்டது 1853இல் நீதிமன்றத்தில் அம்பலமானது. அங்கே சுவரும் இருந்தது, முதியவர்களும் இருந்தார்கள், தர்மம்தான் பாதி இல்லை.

---

மல்லிகைச்சரம் எழுதியது:

எனக்கு அந்தப் பதில் போதவில்லை அண்ணா. கேம்ப்டன் வரிசையில் இன்றும் ஊர் முதியவர்கள்தான் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். உள்ளே குளியலறை, சூடேற்றும் வசதி எல்லாம் வைத்து, வெளியே கல்லைத் தொடாமல் நடத்துகிறார்கள். 1612இன் சுவருக்குள் இன்றைக்கு ஒருவர் வெந்நீரில் குளிக்கலாம் என்றால், அந்தக் கட்டடம் உயிரோடு இருக்கிறது.

இது அபூர்வமும் இல்லை. பிரிட்டனில் இப்போதும் 1,600க்கும் மேற்பட்ட தர்ம வீட்டு அறக்கட்டளைகள், சுமார் 36,000 குடியிருப்பாளர்கள். அவர்கள் சட்டப்படி வாடகைதாரர் இல்லை, அறக்கட்டளையின் பயனாளிகள். வாடகைக்குப் பதிலாக வாரப் பராமரிப்புப் பங்களிப்பு என்று ஒரு தொகை கட்டுகிறார்கள். வாடகைதாரருக்கு உள்ள எல்லா உரிமையும் இவர்களுக்கு இல்லை என்பது குறைதான். அறங்காவலர்கள் சரியாக இல்லாவிட்டால் கஷ்டம். ஆனால் யாரும் அந்த வீட்டைச் சொந்தமாக்கி விற்க முடியாது என்பதால்தான் அடுத்த கிழவருக்கு அது மிச்சமிருக்கிறது.

வேலையில் நான் பார்க்கும் புதுக் கட்டடங்களை வரைகிறவர்கள் கேம்ப்டனுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 12 பேர் என்ற அளவு, தெருவைப் பார்த்த கதவு, கோயிலுக்கும் கடைக்கும் நடந்து போகிற தூரம். இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம்.

---

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

//12 பேர் என்ற அளவு//

இதை யாரும் இதுவரை சொல்லவில்லை, அருமை. 12 பேர் என்றால் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

---

தென்றல் எழுதியது:

அடுத்த கோடையில் அக்கா வீட்டுக்கு பர்மிங்ஹாம் வருகிறேன். இவற்றில் எதை உள்ளே போய்ப் பார்க்கலாம்? குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது.

---

வரைகோடு எழுதியது:

பர்மிங்ஹாமிலிருந்து கேம்ப்டனுக்கு ஒரே நாளில் போய்வரலாம். அங்கே வீடுகளுக்குள் போக முடியாது, மேடைமேலும் ஏற வேண்டாம். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாலே முழு வரிசையும் கண்ணுக்குள் வரும். காலைவேளை கூட்டம் குறைவு. அப்படியே தேவாலயத்துக்கு ஏறி ஹிக்ஸின் கல்லறையையும் பாருங்கள், திரும்பும்போது சந்தைக் கூடத்தின் தேய்ந்த தரையையும் பாருங்கள்.

உள்ளே பார்க்க வேண்டுமென்றால் வின்செஸ்டர் செயின்ட் கிராஸ். பார்வையாளரை அனுமதிக்கிறார்கள். வாயில் மாடத்தில் வழிப்போக்கருக்குரிய பங்கைக் கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் பீரும் கொடுப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. லண்டன் போனால் ஷோர்டிச்சில் மைல்எண்ட் சொன்ன அருங்காட்சியகத்தின் 14ஆம் எண் வீட்டைப் பழையபடியே மீட்டுவைத்திருக்கிறார்கள். எல்லா நாளும் திறப்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் அறையில் ஒருவரின் மொத்த வாழ்க்கையும் எப்படி அடங்கியது என்று அங்கே நின்று பார்க்கலாம்.